கிராணி சபாபதி குடை பிடித்த சுவரோவியம்

ஓர் ஆட்சி வீழ்ந்து மற்றோர் ஆட்சி எழுவதற்குப் பீரங்கிகள் வேண்டும் என்பர் அறியாதார். மலாயாவில் கூலாய்க்கு அருகிலிருந்த ரப்பர் தோட்டத்தின் கணக்கரான கிராணி சபாபதிக்கு அரைச் சட்டி கரியே போதுமாயிருந்தது.

விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் சுவரில், முன்பு அவர் ஏற்பாட்டில் தீட்டிய ஓவியம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் துரை நாற்காலியில் வீற்றிருப்பார். தொழிலாளர் அதைத் தோளில் சுமப்பர். பெண்கள் பின்னால் மண்டியிட்டிருப்பர். சபாபதி குடை பிடிப்பார். ஜப்பானியர் வந்து 'ஆசிய விடுதலை' அருளியதும், அதனைச் சித்திரமாக்கும் பொறுப்பையும் அவரே ஏற்றார். சிங்கம் மாறினாலும் நரியின் உத்தியோகம் நிரந்தரம் என்பது அவருடைய அரசியல் ஞானம்.

கோயில் சுவரில் படம் எழுதிப் பழகிய, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் சந்திரமதியை அழைத்தார்.

"படம் நல்லா வந்தா, ஒம் புருசன் ஐயாசாமி சயாமுக்கு ரயில் ரோடு போடப் போய்ச் சாக வேணாம். நாளைக்கு லோரியில வேற ஆள ஏத்திக்கிறேன்."

"தொரைய அழிச்சிட்டுப் புதுசா எழுதவா, கிராணி ஐயா?"

"சுண்ணாம்புக்கு எங்க போறது? தொப்பிய மாத்து. இடுப்புல வாளச் செருகு. விடுதலைக்கு அது போதும்."

இச்சிக்கனத்தைப் பேரரசுகள் அவரிடம் கற்கவேண்டும்.

மாலையில் பார்வையிட வந்த கிராணி முகம் சுளித்தார். நாற்காலியைப் பெண்கள் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"பொம்பளைங்கள ஏன் முன்னாடி கொண்டாந்த? குடும்ப மானம் என்னாவறது?"

"தூக்குன ஆம்பளைங்கள நீங்கதானே சயாமுக்கு அனுப்பிட்டீங்க. நாற்காலி அந்தரத்துலயா நிக்கும்?"

நாற்காலி விழக்கூடாது என்பதில் கிராணிக்கும் உடன்பாடே. பெண்களின் தலையைக் குனியவைக்குமாறு ஒரு திருத்தம் சொல்லி, ஒழுக்கத்தைக் காத்தார்.

மறுநாள் லோரியோடு வந்த ஜப்பானிய அதிகாரி, வாளைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு குடைக்காரனைச் சுட்டி, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "சியாப்பா?" யார் இவன் என்று கேட்டார்.

"சாயா, துவான்." நான்தான் என்று நெஞ்சைத் தொட்டார் சபாபதி.

கரிக்கு அடியில் துரையின் பழைய தொப்பி தெரிந்ததால், முன்பு வெள்ளைக்காரனுக்குக் குடை பிடித்தவன் யார் என்பது அடுத்த கேள்வி. சபாபதி தம் சேவையை மறைக்கத் தெரியாத நேர்மையாளர். அப்போதும் தாமே என்றும், ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்றும் பணிவுடன் விண்ணப்பித்தார்.

எதிரிக்குக் குடை பிடித்தவனுக்கு அதிகாரி அங்கேயே இடமாற்றம் வழங்கினார். படம் தேறாவிட்டால் என்ற முன்னெச்சரிக்கையில் ஏற்றிவைக்கப்பட்டிருந்த ஐயாசாமி லோரியிலிருந்து இறங்கினான். கிராணி ஏறினார்.

"எம் மூஞ்சிய அழிச்சிடாத, புள்ள," என்றார் மேலிருந்து.

"அழிக்க மாட்டேன், ஐயா. அடுத்து வர்ற தொரைக்கும் இதே மூஞ்சிதான் வேணும்."