நான்காவது அசையில் ஒரு டம்

நீளமான இங்கிலீஷ் சொல்லை நம்பி மேடை ஏறக் கூடாது. பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடும் (ஊத்தங்கரை பஸ் எவ்வளவோ தேவலை).

ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் அப்போது நான் டிரெய்னி. வெளிநாட்டு விருந்தினர்கள் முன் பாதுகாப்பு உறுதிமொழியை வாசிக்கச் சொன்னார் மேனேஜர். ஒழுங்காக வாசித்தால் வேலை நிரந்தரம். அதில் குறுக்கே படுத்திருந்தது ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’.

“எல்லாத்தையும் ஒரே மாதிரி சொல்லாதீங்க. ரெஸ்-பான்-ஸி-பில்-இ-டி. நாலாவதுல மட்டும் அழுத்தம்,” என்றார் ஆபீஸ் மேடம்.

எனக்குப் புல்லரித்தது. நம் பேச்சில் அசைகள், ஷிப்ட் முடிந்து வரும் ஆட்களைப் போலத் தோளோடு தோளாக நடக்கும். இங்கேயோ ஐந்து அசைகள் குனிந்து, ஒன்றை மட்டும் சாமியாகத் தூக்கி வருகின்றன. ஒரு சொல்லுக்குள் தேர்த் திருவிழா.

பாகலூர் ரத்னம்மா அக்கா ஓட்டும் பவர் பிரஸ் அருகே நின்று பழகினேன். அது தகட்டின் மேல் ‘டம்’ என்று இறங்கும்போது நான் ‘பில்’ என்பேன். நாளாக ஆக, அந்த இரும்பே இங்கிலீஷ் பேசுவதாகத் தோன்றியது.

அந்த நாள் வந்தது. மைக், மாலை, கோட்டுகள். மரியாதைக்காக எல்லா மிஷின்களையும் நிறுத்தியிருந்தார்கள்.

“ரெஸ்-பான்-ஸி...” என்றேன். காத்திருந்தேன். டம் வரவில்லை.

முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடி அதே பள்ளம். ஓசூரில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. மேனேஜர் கண்களை மூடிக்கொண்டார். என் நிரந்தரமும் அசை அசையாகக் கழன்று விழுந்தது.

பின்வரிசையில் அக்கா முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. “மிஷின நிறுத்திப்புட்டா இவன் எப்படிப் பேசுவான் சாமி?”

குனிந்து, கழிவுத் தகடு போடும் இரும்புத் தொட்டியில் ஸ்பேனரால் ஓங்கி ஒன்று போட்டார்.

டம்.

“பில்-இ-டி” என்றேன். கூரை அதிர்ந்தது. பிறகு ஒவ்வொரு நீளச் சொல்லுக்கும் அவர் தட்ட, நான் வாசிக்க, சொற்கள் மலைமலையாய் எழுந்து நின்றன. உள்ளூர் வரவேற்பு மேளம் என்று நினைத்து விருந்தினர்கள் எழுந்து கைதட்டினார்கள். வேலை நிரந்தரமானது. மானம் ஆகவில்லை.

என் கல்யாணத்தில் தாலியைக் கையில் வாங்கி ஒரு கணம் தயங்கினேன். கூட்டத்துக்குள்ளிருந்து அக்கா குரல்: “மேளத்த கெட்டியா தட்டுங்கப்பா. சத்தம் வந்தாத்தான் இவனுக்கு அடுத்தது வரும்.”

இன்றும் வீட்டில் நான் ஏதாவது சொல்ல வந்து திணறினால், மனைவி கரண்டியை எடுத்துக்கொண்டு கேட்கிறாள்: “தட்டட்டுமா?”