டப்பா சொன்ன தொள்ளாயிரம்

உலகத்தில் எத்தனையோ பேர் ஒளியைப் பாடினார்கள், கும்பிட்டார்கள். ஆனால் அதை ஓர் உருண்டைக்குள் அடைத்து, கதவைச் சாத்தி, "உண்மையைச் சொல்" என்று விசாரித்த பெருமை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஒரு பல்பு கம்பெனிக்கே உரியது.

உருண்டை ஆள் உயரம். உள்ளே முழுக்க வெள்ளைப் பூச்சு. நடுவில் பல்பை மாட்டி மூடினால், அது எத்தனை லூமென் வெளிச்சம் தருகிறது என்று கம்ப்யூட்டரில் எண் வரும். அந்த எண்ணைக் குறித்துவைக்கும் திருப்பணி ரம்யாவுடையது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நிலாவுக்குள் எட்டிப்பார்ப்பதுபோல இருக்கும் அவளுக்கு. பயிற்சிக்காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமாவது தர மேலாளர் பரணிதரனின் பேனாவில் இருந்தது.

ஆயுத பூஜையன்று துப்புரவு வேலை பார்க்கும் பச்சையம்மா எல்லா இயந்திரங்களுக்கும் சூடம் காட்டினார். உருண்டைக்கு மட்டும் உள்ளே காட்டினார்.

"உள்ள எதுக்குக்கா?" என்றாள் ரம்யா.

"மிசினுக்கு வவுறு உள்ளதான கீது? வெளிய காட்னா அதுக்கு எப்டிம்மா தெரியும்?"

தர்க்கத்தில் ஓட்டையில்லை. வெள்ளைதான் கறுத்துப்போனது.

புதுப்பூச்சு அடித்தார்கள். அடித்தபின் உருண்டைக்கு அளவை மறுபடி கற்றுத்தர வேண்டும். அதற்கென்றே 'ஸ்டாண்டர்டு லேம்ப்' என்று ஒரு விளக்கு வெல்வெட் பெட்டியில் தூங்கியது. ஆயிரம் லூமென் என்று ஆய்வகச் சான்றிதழ் பெற்றது. ரம்யா அதை மாட்டி, ஆயிரம் என்றால் இவ்வளவு என்று உருண்டைக்குப் பாடம் சொன்னாள். பிறகு கம்பெனி பல்பை மாட்டினாள். டப்பாவில் தொள்ளாயிரம் என்று அச்சாகியிருந்தது. உருண்டை எழுநூற்றுப் பத்து என்றது.

உடனே அவசரக் கூட்டம். சமோசாவே வந்துவிட்டது, நிலைமை அவ்வளவு மோசம்.

"இன்னாம்மா, எந்த லேம்ப வெச்சி அளவு செட் பண்ண?" என்றார் பரணிதரன்.

"ஸ்டாண்டர்டு லேம்ப், சார்."

"அப்ப நம்ம லேம்ப் ஸ்டாண்டர்டு இல்லியா?"

விற்பனை அதிகாரி அன்புராஜ் கடித்த சமோசாவைக் கீழே வைத்தார்.

"அது வேற சார்…"

"இன்னா வேற? பன்னெண்டு வருசமா ஸ்டாண்டர்டு பல்புன்னு வித்துகினு கீறோம். பொட்டிக்குள்ள தூங்குதே, அது எங்கனா ஒண்ணு வித்துகீதா?"

"ஒண்ணுகூட இல்ல சார்," என்றார் அன்புராஜ், புள்ளிவிவரம் தரும் குரலில்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இனி கம்பெனி பல்பே ஸ்டாண்டர்டு. அதன் அளவு தொள்ளாயிரம். ஆதாரம்: டப்பா.

உருண்டை உடனே திருந்தியது. எந்தக் கம்பெனி பல்பை மாட்டினாலும் தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து ஐந்து. பரணிதரனுக்குக் கண் கலங்கியது. ரம்யா மட்டும் நிலாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தணிக்கையாளர் ஸ்டீபன் வந்தார். வெல்வெட் விளக்கை மாட்டச் சொன்னார். ஆயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு என்று வந்தது. சான்றிதழைப் பார்த்தார். ஆயிரம்.

"பாத்தீங்களா சார்!" என்று பாய்ந்தார் பரணிதரன். "ஆயிரம்னு எழுதிகினு எவ்ளோ காட்டுது! சுத்த ஃப்ராடு லேம்ப் சார். அதான் நாங்க அத்த தொடறதே இல்ல."

ஸ்டீபன் மெச்சிக்கொண்டார். 'அளவுக்கு மீறிய ஒளி' என்ற காரணத்தால் விளக்கைக் கழிக்க ஒரு படிவம் தயாரானது. அளந்தவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போடும்மா," என்றார் பரணிதரன் கனிவாக. "உன் ஆர்டர் டைப் ஆயிகினு கீது."

ரம்யா பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதினாள்: 'விளக்கில் குறையில்லை. டப்பாவில்தான்.'

மாலையில் ஆர்டர் வந்தது. கம்பெனிக் கடிதங்களில் அவ்வளவு உண்மையான ஒன்று அதற்குமுன் வந்ததில்லை:

'பயிற்சிக்காலம் முழுவதும் செல்வி ரம்யாவின் அளவீடுகளில் ஒரு பிழையும் காணப்படவில்லை. ஆகவே அவரைத் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ள இயலாது.'