மறுபக்கம் பாவாவின் லண்டன் தட்டு

இசைத்தட்டின் முதல் பக்கத்தைக் கேட்காமலேயே ஆயுளைக் கழித்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் திருத்தணியில்தான் இருந்தார். அவர் மைக் செட் வாடகைக்கு விடுபவர் என்பதுதான் இதில் கொடுமை. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் மறுபக்கம் பாவா.

"முன்பக்கம் கம்பெனிக்காரன் விக்கறதுக்குப் போடறதுப்பா. பின்னாடிதான் பாடறவன் தன் இஷ்டத்துக்குப் பாடிக்கினு இருப்பான்" என்பது அவர் சித்தாந்தம். கல்யாணப் பெண் மணையில் வந்து உட்காரும் நேரம் பார்த்து, ஊரே முணுமுணுக்கும் பாட்டைத் திருப்பிப் போட்டு, கதாநாயகி கிணற்றில் குதிக்குமுன் பாடும் பாட்டை அலற விடுவார். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தால், "பொண்ணு அழுவுது பாரு, பாட்டு பொருத்தமாத்தான் கீது" என்பார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் படியேறும்போது அவர் போட்ட முருகன் பாட்டுகளை முருகனே அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். சாப்பாட்டையும் மோர்ச் சோற்றில் தொடங்கிக் குழம்பில்தான் முடிப்பார். என்ன செய்ய, நெசவுத் தெருப் பக்கம் வேறு மைக் செட் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம். நான் தபால் ஆபீசில் குமாஸ்தா. பாவா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தேன். ஒருநாள் அவர் மதராஸில் பழைய சாமான் கடையில் பிடித்த இங்கிலீஷ் தட்டு ஒன்றோடு வந்தார். அட்டையில் கறுப்புக் கோட்டும் குட்டைத் தொப்பியுமாக ஏழெட்டு வாலிபர்கள். 'ஸ்கா' என்று ஒரு குதியாட்டச் சங்கீதமாம்.

"அட்ரஸ் கீது பாரு. உங்க மறுபக்கப் பாட்டெல்லாம் மொத்தமா அனுப்புங்கன்னு ஒரு லெட்டர் எழுதுப்பா."

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எழுதினேன். ஆறு மாதம் கழித்து லண்டனிலிருந்து அட்டைப் பார்சல் வந்தபோது என் சிரிப்பு நின்றது. அந்தக் கோஷ்டி தங்கள் மறுபக்கப் பாட்டுகளை மட்டும் திரட்டி, சில நூறு தட்டுகளே அடித்திருந்ததாம். அதில் ஒன்று அன்பளிப்பு. அட்டை மூலையில் பென்சிலில் எண் போட்டிருந்தது: 317.

"இனிமே இத அடிக்க மாட்டான் இல்ல?"

"மாட்டான் பாவா."

பட்டுத் துணியில் சுற்றினார். "என் மிஷின் முள்ளு ஏர்க்கலப்பை மாதிரி உழுதுடும். வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் போடணும்." பிறகு முகம் மாறியது. "ஏம்ப்பா, இதுலயும் ஒரு முன்பக்கம் கீதே!" இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, மறுபக்கப் பாட்டுகளிலும் மறுபக்கத்தை மட்டுமே கேட்பது என்று முடிவெடுத்தார்.

கேட்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஓர் அமாவாசை. அன்று நெசவாளர் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளில் காது கிழியும் தெரு, அமாவாசை உச்சிப் பொழுதில் மூச்சுக்கூட விடாது.

பாவா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். பக்கத்து வீடு கேசவுலுவுடையது. அவர் மனைவி மங்கம்மா செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து கேசவுலு வாய் திறக்கவில்லை, தறியைத் தொடவில்லை, சோற்றையும் சரியாகத் தொடவில்லை. இப்படியே போனால் அவரும் போய்விடுவார் என்று பயந்து, பள்ளிப்பட்டிலிருந்து தங்கை ராஜம்மா அவரை அழைத்துப்போக வந்திருந்தாள்.

நெசவுத் தெருவில் யார் தறியில் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க வேண்டாம், கேட்டால் போதும். தறி மிதிப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு நடை உண்டு. மங்கம்மாவுக்கு இடது கால் குட்டை. அவள் தறி 'டக்' என்று ஒரு முறை அடித்து, தயங்கி, அப்புறம் 'டடக்' என்று அடிக்கும். அந்த நடை தெருவில் வேறு யாருக்கும் கிடையாது.

அன்று உச்சி வெயிலில், நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தச் சத்தம் கேட்டது. டக்... டடக். டக்... டடக்.

குழாயடியில் ராஜம்மா குடத்தைப் போட்டுவிட்டாள். "அண்ணி தறி!"

வாசல்தோறும் ஆட்கள் வந்து நின்றார்கள். கேசவுலு வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே துணி போர்த்திய தறி. அதில் யாரும் இல்லை. சத்தம் மட்டும் அதன் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

நாற்பது நாள் பேசாத கேசவுலு, மூலையிலிருந்து சொன்னார்: "நூல் அறுந்துட்ச்சி. முடி போடறா."

ஒரு முடிச்சுப் போடுகிற நேரம். மறுபடி டக்... டடக். பார்சலை என் கையால் கொடுத்தவன் நான். எனக்கே மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

அப்போது பாவா வெளியே வந்தார். கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. "இன்னா, லண்டன் தட்டு கேக்க வந்தீங்களா? உள்ள வாங்க, வாங்க!"

தட்டு தேயுமோ என்று பயந்து, ஏதோ ஒலியைக் குறைத்தால் தேய்மானமும் குறையும் என்பது போல, மெதுவாக வைத்திருந்தார். பாட்டு சுவரைத் தாண்டவில்லை. தாளம் மட்டும் தாண்டியது. நடுவில் நின்றது, பாட்டிலேயே வாத்தியங்கள் ஓய்கிற இடம். விஷயம் தெரிந்தால் பயம் போக வேண்டும். போகவில்லை, இரட்டிப்பானது. லண்டன்காரனுக்கு மங்கம்மாவின் நடை எப்படித் தெரிந்தது?

"ஒடச்சிடு பாவா" என்றார் தெருப் பெரியவர். "போனவள இட்டாந்து உக்கார வெக்காத."

"அது எங்கண்ணனக் கூப்புட்டுக்கினு கீதுங்க!" என்று ராஜம்மா அழுதாள்.

பாவா கதவை மறித்து நின்றார். "நம்பர் போட்டு அனுப்பினதும்மா. ஒடைக்கறதா?"

கேசவுலு எழுந்து வந்தார். "பாவா, இன்னொரு வாட்டி போடு."

பாவா அவரைப் பார்த்தார். உள்ளே போய்ப் போட்டார்.

அதன் பிறகு தினமும். தெருவில் சாப்பாட்டுக்குத் தறிகள் நிற்கும் உச்சிப் பொழுதில் அந்த ஒரு பாட்டு. கேசவுலு தன் வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெண்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். "பத்து நாள் பாக்கறேன், அப்பால இட்டுக்கினு பூடுவேன்" என்றாள் ராஜம்மா. ஏர்க்கலப்பை உழுதது. முதலில் ஊதுகுழல்கள் போயின. பாடகனுக்கு ஜலதோஷம் பிடித்தது, பிறகு அவனும் போனான். பாவா ஒவ்வொரு நாளும் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"பாழாப் போவுதே பாவா!"

"உனக்கு இன்னாப்பா தெரியும், நீ முன்பக்கம் கேக்கற ஆளு."

பத்தாம் நாள் இரைச்சலும் தாளமும்தான் மிச்சம். பாட்டு முடிந்தது. பாவா முள்ளை எடுத்தார்.

டக்... டடக்.

முள்ளைப் பார்த்தேன். அது அவர் கையில் இருந்தது. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சுவருக்குள்ளிருந்து டக்... டடக். நான்தான் முதலில் அவர் கையைப் பிடித்ததாக அவர் சொல்வார். அவர்தான் பிடித்தார்.

பாவா தட்டை உருவிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கு ஓடினோம். வாசலில் ராஜம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். போர்த்தியிருந்த துணி கீழே கிடந்தது. மங்கம்மா பாதியில் விட்ட சேலையைக் கேசவுலு நெய்துகொண்டிருந்தார், இடது காலை வேண்டுமென்றே பின்னுக்கு இழுத்து, தயங்கித் தயங்கி.

"நடுவுல ஆள் மாறினா சேலையில தெரிஞ்சுடும் பாவா" என்றார், தலை நிமிராமல். "அவ மாதிரியே மிதிச்சாத்தான் ஒண்ணா வரும். ராஜி, பசிக்குது. சோறு போடு."

மறுபக்கம் பாவா வெளுத்துப்போன தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு என்மேல் பாய்ந்தார். "இன்னா வேடிக்கை பாத்துக்கினு கீற? போய் டீ சொல்லு. நாலு!"

டீக்கடை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது வந்து டீ சொல் என்று அதட்டினாலும், செருப்புக்கூட மாட்டாமல் ஓடுவேன்.