மேற்கு யன்னலுக்கு ஏற்ற டெலிவிஷன்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
19.08.1982

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஸெய்னுதீன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த நடுச்சாமத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஜெமீலாவைத் தூங்க வைத்து, அவளுடைய மூச்சு ஒழுங்காய் வருகிறதா என்று மூன்று தரம் காது வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பேனை பிடிக்க முடிந்தது. எழுத்துக் கோணலாய் இருந்தால் அது நித்திரைக் கோணல் இல்லை, சந்தோஷக் கோணல். குவைத் வெயிலில் நீங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை செய்யட்டும். இங்கே வாப்பா, உம்மா, பிள்ளை எல்லோரும் சுகம். எங்கள் மேற்கு யன்னலும் சுகம். அதை அடைக்கச் சொல்லி வாப்பாவுக்கு எழுதியது நீங்கள்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நான் வென்றுவிட்டபடியால் உங்களை மன்னித்தும்விட்டேன்.

உங்களிலும் பிழை சொல்ல ஏலாது. தங்கச்சி மகள் ஜெமீலா பார்த்துச் சிரிக்கட்டும் என்று டெலிவிஷன் வாங்கக் காசு அனுப்பினீர்கள், அது எங்கள் வீட்டுக்குள் எந்தச் சுவரில் இருக்கும் என்று குவைத்தில் இருந்துகொண்டு எப்படி யோசிப்பீர்கள்? ரூபவாஹினி தொடங்குகிற நேரமும் பொழுது உள்துறைமுகத்துக்குள் இறங்குகிற நேரமும் ஒன்றாய்த்தான் வருகிறது. யன்னலால் நேரே வருகிற வெயில் பாதி, தண்ணீரில் பட்டுத் தெறித்து வருகிற வெயில் பாதி, இரண்டும் சேர்ந்து எங்கள் ஹோல் அடுப்புக்குள் இருக்கிறமாதிரி எரியும். யன்னல் உள்ள சுவரிலேயே டெலிவிஷனை வைத்தால் கண்ணாடியில் வெளிச்சம் படாது, உண்மைதான். ஆனால் அதுதானே கிப்லாப் பக்கம், உம்மா மஃரிப் தொழுகைக்கு முஸல்லாப் பாய் விரிக்கிற இடம். "நான் தக்பீர் கட்டி நிக்கக்குள்ள எனக்கு முன்னால ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தி வாசிக்கிறதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வடக்குச் சுவரில் இரண்டு கதவு. தெற்குச் சுவரில் அலுமாரி, அதை ஒரு அங்குலம் அசைத்தாலும் கால் கழன்றுவிடும். மிச்சம் கிழக்குச் சுவர், அது யன்னலுக்கு நேர் எதிர். போன மாதம் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா தன்னுடைய டெலிவிஷனை ஒரு பின்னேரம் தூக்கிவந்து அந்தச் சுவரோடு வைத்துக் காட்டினாள். செய்தி வாசிப்பவரின் நெற்றியில் ஒரு வள்ளம் ஓடியது. கன்னத்தில் தென்னை மரம் ஆடியது. அவர் "வணக்கம்" சொல்ல வாயைத் திறந்தார், ஜெமீலாவின் வாப்பா ஹிஸ்புல்லா வேலை முடிந்து சைக்கிளோடு அந்த வாய்க்குள் வந்து இறங்கினார். இதைத்தான் வாப்பா உங்களுக்கு எழுதினார், நீங்களும் "அந்த யன்னலை அடைத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள், கடதாசி வந்த மறுநாள் காலையில் புளொக் கல் வந்து முற்றத்தில் இறங்கிவிட்டது.

நானா, அந்த யன்னல்தான் இந்த வீட்டின் மூக்கு. போன மாரியில் அதன் பலகை கழன்று போய், மூன்று நாள் ஆணி அடித்து மூடி வைத்தோம். நாலாம் நாள் ஜெமீலாவுக்கு இளைப்புத் தொடங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு இரவு அவளை என் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, அவள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சையும் நானும் சேர்ந்து இழுத்தபடி இருந்தேன். "பிள்ளைக்குக் காத்து வேணும்," என்றார் டொக்டர். வாப்பாவிடம் அதைச் சொன்னால், "காத்து கூரையாலயும் வரும் மகள்," என்கிறார். அவருக்கு எல்லாம் கூரையால்தான் வரும். அழுதும் பார்த்தேன், சோறு தின்னாமல் இருந்தும் பார்த்தேன், பிறகு உட்கார்ந்து யோசித்தேன். யன்னலை மாற்ற ஏலாது, சூரியனை மாற்ற ஏலாது, ஆனால் கடையில் டெலிவிஷன் ஒன்றா இருக்கிறது? வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காத கண்ணாடியாய்ப் பார்த்து எடுத்தால் யன்னல் பிழைத்துவிடும். பேராதனையில் புவியியல் படித்த தைரியத்தில், வெயில் எத்தனை பாகையில் சுவரில் விழும் என்று கொப்பியில் படம் கீறினேன். வாப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இது தோணிக்குப் பாய் கட்டுற படமா?" என்றார்.

நேற்றுப் பின்னேரம் நானும் வாப்பாவும் ஜெமீலாவும் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிற சிவகுருநாதன் அண்ணனின் கடைக்குப் போனோம். அவர் மூன்று டெலிவிஷன்களை கடைக்குள் இருட்டு மூலையில் வரிசையாய் வைத்து, வீடியோ டெக்கைப் போட்டு, மூன்றிலும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டத்தைக் காட்டினார். மூன்றும் நல்லாய்த்தான் இருந்தன. இருட்டில் எது நல்லாய் இராது? "அண்ணன், மூண்டையும் நிப்பாட்டுங்கோ," என்றேன். "நிப்பாட்டின டெலிவிஷன்ல என்னத்தைத் தங்கச்சி பார்க்கப் போறீங்க?" "என்னைத்தான்," என்றேன். அது மட்டுமில்லை, மூன்றையும் தூக்கிக் கடை வாசல் படியில், மேற்கைப் பார்க்க, வெயிலுக்குள் வைக்கவும் சொன்னேன். அவர் வாப்பாவின் பக்கம் திரும்பி, "ஹாஜியார், மகள் என்ன படிச்சவ?" என்று மெதுவாய்க் கேட்டார். "பேராதனை," என்றார் வாப்பா, ஏதோ தொற்று வருத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல.

பெட்டிகள் வாசலுக்கு வந்தன. ஜெமீலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுடைய வெள்ளைத் துவாயை ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் விரித்துப் பிடித்தேன். முதலாவதில் துவாயின் ஓரத் தையலை எண்ணலாம், பின்னால் நங்கூரம் போட்டிருந்த கப்பலின் கொடிகூடத் தெரிந்தது. இரண்டாவதில் வாப்பா தன் தாடியைக் கண்டு மகிழ்ந்து, தொப்பியை நேராக்கி, "இதை எடுப்பம் மகள், என்ன மினுக்கம் பாருங்க!" என்றார். "வாப்பா, நாம டெலிவிஷன் வாங்க வந்த, தொப்பி போட வரல்ல." மூன்றாவதில் துவாய் விடியற்காலை மூட்டம்போல இருந்தது. சூரியன்கூட, தேத்தண்ணீருக்குள் விழுந்த சர்க்கரைக் கட்டிபோல எங்கேயோ கரைந்து கிடந்தது. இதற்கிடையில் சனம் கூடிவிட்டது நானா. நாற்பது பேர் இருக்கும், நிப்பாட்டின டெலிவிஷன் மூன்றையும் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "என்ன மெட்ச்?" என்று ஒருவர். "இன்னும் தொடங்கல்ல," என்று எல்லாம் தெரிந்த இன்னொருவர். கிண்ணியாவுக்குப் போக வேண்டிய ஒரு மனுஷன் வெறும் மீன்கூடையோடு நின்று, "இவ்வளவு பேர் நிக்கிறாங்க, ஒண்டும் இல்லாமலா?" என்று சொல்லிச் சொல்லியே தன்னுடைய லோஞ்சுப் படகைத் தவறவிட்டார். "மூண்டாவதைக் கட்டுங்கோ அண்ணன்," என்று நான் சொன்னதும் சனத்துக்குள் ஒரு பெருமூச்சு. யார் வென்றது என்று கேட்டுக்கொண்டே கலைந்து போனார்கள்.

இன்று பின்னேரம் சோதனை. டெலிவிஷன் கிழக்குச் சுவரில். யன்னல் இரண்டு கதவும் அகலத் திறந்தபடி. வாப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கதிரையில். பொழுது சரியாய் யன்னலுக்குள் வந்து நின்றது, ரூபவாஹினி தொடங்கியது, நான் வாயில் ஸலவாத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். திறந்து பார்த்தால், செய்தி வாசிப்பவரின் முகத்தில் முகம் மட்டும்தான் இருந்தது. நெற்றியில் வள்ளம் இல்லை. கன்னத்தில் தென்னை இல்லை. வாப்பா குற்றம் தேடிக் கதிரையை இடப்பக்கம் இழுத்தார், வலப்பக்கம் இழுத்தார், கடைசியில் தரையில் குந்தியிருந்தும் பார்த்தார். பிறகு எழும்பி, "ம்ம். படிச்சது வீண் போகல்ல," என்றார். நானா, இருபத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பட்டம் இது. பேராதனை தந்தது வெறும் கடதாசி. ஆனாலும் வாப்பா வாப்பாதானே, உடனே ஒரு வாலும் கட்டினார்: "அடைக்கச் சொன்னது பெரியவன். வேணாமெண்டு அவன்ட கையால ஒரு கடதாசி வரட்டும், கல்ல மதிலுக்குப் போடுவன். அதுவரைக்கும் கல்லு அங்கினதான் கிடக்கும்." நாளைக் காலையில் கட்டைபறிச்சானுக்கு வேளாண்மை வெட்டுக்குப் போகிறார், திரும்பிவர மூன்று கிழமையாகும். மேசனிடமும் அப்படியே சொல்லிவிட்டார்.

உம்மா உங்களுக்கு ஸலாம் சொல்லி, வெறும் வயிற்றோடு வெயிலில் திரிய வேண்டாம் என்று எழுதச் சொன்னார். ஹிஸ்புல்லாவும் ஸலாம் சொன்னார், அதற்கு மேல் அவர் எப்போது பேசினார்? உங்கள் உழைப்பில் பறக்கத்தும், நீங்கள் தந்த பெட்டியில் தெளிவும், என் பிள்ளையின் நெஞ்சில் காற்றும் குறையாமல் இருக்க துஆச் செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
ஸுல்பிகா

பி.கு.: விடிந்துவிட்டது, கடிதத்தை ஒட்டமுன் இதையும் எழுத வேண்டியதாய்ப் போயிற்று. வாப்பா லோஞ்ச் ஏறப் போனதும், உம்மா, "மகன் தந்த சாமான் இப்பிடி மங்கிப் போய்க் கிடக்கே," என்று இரங்கி, ஈரத் துணியால் டெலிவிஷனின் முகத்தை நன்றாய்த் துடைத்துவிட்டார். நான் குசினியால் வருகிறேன், கண்ணாடிக்குள்ளும் ஒரு ஸுல்பிகா வருகிறாள், நெற்றி வேர்வைத் துளியோடு. யன்னல், வள்ளம், தென்னை எல்லாம் அவளுக்குப் பின்னால். உம்மா துணியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு," என்றார். ஹிஸ்புல்லா ஓடிப்போய் சிவகுருநாதன் அண்ணனிடம் விசாரித்தால், மேற்குக் கச்சான் காற்றுத் தொடங்கின நாளில் இருந்து நாலு மாதம் அந்தப் பெட்டி கடை வாசலில் கடலைப் பார்த்தபடி இருந்ததாம், எங்களுக்குக் காட்டத்தான் உள்ளே எடுத்தாராம். மற்ற இரண்டும் உள்ளே, தினமும் துடைப்பில். ஆக, மூன்று கண்ணாடியும் ஒரே கண்ணாடி, மூன்றாவதை மங்கலாக்கினது கடல் உப்புத்தான். பேராதனை தோற்றது என்று நான் கதிரையில் விழுந்தேன். அப்போதுதான் ஹிஸ்புல்லா இந்த வருஷத்தில் தன்னுடைய மிக நீண்ட பேச்சைப் பேசினார்: "கடைக்கு நாலு மாசம் எடுத்திருக்கும். நம்மட வீடு கடலுக்கு இன்னும் கிட்ட. வாப்பா வாறதுக்குள்ள உப்பு திரும்பப் படிஞ்சிரும் ஸுல்பி. ஆனா யன்னல் இரவு பகலாத் திறந்து கிடக்கோணும்." விளங்குகிறதா நானா? இனி இந்த வீட்டில் டெலிவிஷன் பார்க்க வேண்டுமென்றால் அந்த யன்னலை அடைக்கவே ஏலாது. நான் திரும்பவும் வென்றுவிட்டேன். வீட்டில் உள்ள துடைக்கிற துணியெல்லாம் அலுமாரிக்குள் பூட்டி, திறப்பு என் இடுப்பில். துடைத்த கதையை வாப்பாவுக்கு எழுத வேண்டாம், யன்னல் இருக்கட்டும் என்று ஒரு வரி மட்டும் அவருக்கு எழுதுங்கள். தயவுசெய்து கெதியாய்ப் பதில் போடுங்கள்.