குறட்டை பாய் போட்ட விலை

அபி, கதிர், இரண்டு பேரும் இதைக் கேளுங்கள். தூங்குவதையே தொழிலாக வைத்துக்கொண்டு, அதற்காக ஊரே மரியாதை கொடுக்கும் மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் தாம்பரத்தில்தான் இருக்கிறார்.

பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவர் குறட்டை பாய். விபத்தில் அடிபட்ட காரை விற்கும்போது விலை எவ்வளவு குறையும் என்று சொல்வது அவர் வேலை. மற்றவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். பாய் கக்கத்தில் ஒரு குட்டித் தலையணையோடு வருவார். அதைச் சொந்தப் பேரன் தொட்டால்கூடச் சண்டை போடுவார். பின் சீட்டில் படுத்து, "ஓட்டுங்க" என்பார். அவ்வளவுதான் பரிசோதனை.

"கண்ணு ஏமாந்துடும் சார். பெயின்ட் அடிச்சா எந்த வண்டியும் மாப்பிள்ளை மாதிரி நிக்கும். முதுகு ஏமாறாது."

குறட்டை வந்தால் முழு விலை. வெறும் கொட்டாவி என்றால் கொஞ்சம் குறையும். எழுந்து உட்கார்ந்துவிட்டால் பாதிதான். பொழிச்சலூரில் தலைக்கு மேலே விமானம் இறங்கினாலும் தூங்குவார், கதவுக்குள் ஒரு திருகாணி ஆடினால், "யாரது?" என்று எழுந்துவிடுவார்.

ஒருமுறை ஒரு வண்டியில் அப்படியொரு தூக்கம். வாங்கியவர் பின்னால் பார்க்காமலேயே பெரும்பாக்கம் வரை ஓட்டிப் போய்விட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அவர் மனைவி ஆரத்தி சுற்றும்போது பின் சீட்டிலிருந்து பாய் எழுந்து, "வண்டி சூப்பர்மா" என்றாராம். தட்டு ஒரு பக்கம் பறந்தது, அந்த அம்மா ஒரு பக்கம்.

இப்போது நம் வெள்ளைக் காருக்கு வருகிறேன். பெருங்களத்தூரில் நான் தனியாகப் போனபோது தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்தது உங்களுக்குத் தெரியும். பழுது பார்த்தாயிற்று. அதை விற்றுத்தான் உங்கள் அம்மா தையல் கடை பிடிக்க வேண்டும். வாங்க வந்தவர் பம்மல் மாவு மில் அண்ணன்.

"வண்டி அடிபட்டுகீது சார். பாதி வெலைன்னா எடுத்துக்கறேன்."

"எல்லாம் சரி பண்ணியாச்சுண்ணா."

"பாய் தூங்கட்டும், அப்பால பேசலாம்."

அன்று உங்கள் அம்மா பாய்க்குத் தயிர்சாதமாகப் போட்டாள். அபி, நீ தாலாட்டே பாடினாய். கதிர், நீ அவர் காலைப் பிடித்துவிட்டாய். "லஞ்சமா குடுக்குறீங்க?" என்று சிரித்துக்கொண்டே பாய் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

நான் ஓட்டினேன். பக்கத்தில் அண்ணன். பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தால், பாய் கண்ணை அகலத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா பாய், தூக்கம் வர்லியா?" அண்ணன் குரலில் அத்தனை சந்தோஷம். அம்மாவின் இன்னும் திறக்காத கடைக்கு ஷட்டர் இறங்குவது போல இருந்தது எனக்கு.

"ஓரங்கட்டுங்க சார்," என்றார் பாய். "லாரி ஹாரன் அடிக்கிறப்பல்லாம் பிரேக் மேல ஏறி நிக்கிறீங்க. இப்படி ஓட்டினா எவனுக்குத் தூக்கம் வரும்? அடி வண்டிக்கா, உங்களுக்கா? பின்னாடி போங்க, நான் ஓட்டறேன்."

தலையணையையும் என் கையில் கொடுத்தார்.

லாரி இடித்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை, உங்களிடம் சொன்னதில்லை. படுத்தது நினைவிருக்கிறது. அப்புறம் வண்டலூர் பக்கத்தில் யாரோ ரம்பத்தால் மரம் அறுக்கும் சத்தம். எழுந்தேன், சத்தமும் நின்றது. என் குறட்டைதான்.

அண்ணன் தலையில் கை வைத்திருந்தார். "பாய், இது செல்லாது! தூங்குனது ஓனரு!"

"இடி வாங்குன ஆளே தூங்கிட்டாரு. இதுக்கு மேல இன்னா சர்டிபிகேட் வேணும்? நீகூடத்தான் ரெண்டு கொட்டாவி வுட்ட, பாத்துகினுதான் இருந்தேன்."

அண்ணன் முனகிக்கொண்டே முழு விலையும் கொடுத்தார்.

பாய் சந்தோஷத்தில் தலையணையை நம் வீட்டில் மறந்துவிட்டார். உறையில் என் எச்சில் கறை. மறுநாள் நீங்கள் பள்ளிக்கும் அம்மா கடை பார்க்கவும் போன பிறகு, நானே அதைத் துவைத்து, மாடியில் காயப்போட்டு, இஸ்திரி போட்டேன். அவர் கன்னம் படும் இடத்தில் மட்டும் இன்னொரு தடவை, மெதுவாக.