மேனேஜருக்குப் பிடித்த ஃபில்டர்

இப்போதெல்லாம் ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. முகம் தெரியாத எவனோ ஒருவன் அதற்கு எத்தனை ஸ்டார் போட்டிருக்கிறான் என்று பார்க்கிறார்கள். அவனுக்கு வேலை வெட்டி உண்டா, அவன் பேச்சை அவன் வீட்டிலாவது கேட்பார்களா, ஸ்டார் போட்ட அன்றைக்கு ஆள் தெளிவாக இருந்தானா, ஒன்றையும் விசாரிப்பதில்லை. போட்டான், வாங்கு. அவ்வளவுதான்.

மோட்டார்காரரின் மாப்பிள்ளை சனிக்கிழமை காலையிலிருந்து அந்தக் காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஹாலில் இருந்த மீன் தொட்டியின் ஃபில்டர் முந்தின நாள் புகைந்து போய்விட்டது. தொட்டியின் பின்பக்க விளிம்பில் பை மாதிரி தொங்குமே, அந்த வகை. குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பஞ்சில் வடிகட்டி, முன்பக்க உதடு வழியாகத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றும்.

"மாமா, இது நாலு புள்ளி மூணு. ரெண்டாயிரத்து நூறு பேர் எழுதியிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அந்த ரெண்டாயிரத்து நூறு பேர்ல ஒருத்தராவது மோட்டாரைக் கழட்டிப் பார்த்தாங்களா?"

"கழட்டக் கூடாது மாமா. கழட்டினா வாரண்டி போயிடும்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னே தெரியாம நல்லாயிருக்குன்னு எழுதியிருக்காங்க. கெட்டிக்காரங்கதான்."

"ஒரே ஒருத்தர் மட்டும் ஒரு ஸ்டார் போட்டிருக்கார். சத்தம் தாங்கலையாம்."

"அந்த ஒருத்தன்தான் யோக்கியன்" என்று சொல்லிவிட்டு மோட்டார்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

முப்பத்தெட்டு வருஷம் பம்புசெட் மோட்டார்களைப் பிரித்து மாட்டிய கை அவருடையது. எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்ததை நம்ப மாட்டார்.

வளர்ப்பு மீன் விற்கிற கடையில் மூன்று ஃபில்டர்களை எடுத்து வைத்தார்கள்.

"எது நல்லது?"

"இதுதான் ஐயா நிறையப் போகுது."

"போறது சரி. திரும்பி வருதா?"

"ஒண்ணு கூட திரும்பி வந்ததில்லை ஐயா."

"வாங்கினவன் வெட்கப்பட்டுக்கிட்டு வராம இருப்பான்."

மூன்றையும் ஒரு வாளித் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். கடைக்காரர் வாளியை ரகசியமாக ஆட்டுகிறாரோ என்று குனிந்து பார்த்தார். கடைசியில் மூன்றையும் கையில் தூக்கி எடை பார்த்து, கனமானதை எடுத்துக்கொண்டார். கனமாக இருந்தால் உள்ளே செம்புக் கம்பி ஒழுங்காகச் சுற்றியிருப்பான் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வரவழைத்ததும் வந்து சேர்ந்தது. ஒரு தொட்டி, இரண்டு ஃபில்டர்.

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாரம் முழுக்க அலுவலகத்தில் ஆட்களைச் சமாதானம் பண்ணிவிட்டு வருகிறவள் அவள்.

"ரெண்டையும் மாட்டுங்க. எது சத்தம் போடாம, தண்ணியைத் தெளிவா வச்சு, மீனையும் நிம்மதியா விடுதோ அது இருக்கட்டும். இன்னொண்ணைத் திருப்பிக் கொடுத்துடலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம். அப்பவும் நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே இருந்தீங்கன்னா, தொட்டியைத் தூக்கிட்டுப் போய் எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல வச்சிடுவேன்."

மோட்டார்காரர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். 

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு தங்கமீன். உள்ளங்கை அகலம் இருக்கும். கன்னத்தை உப்பிக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வரும். ஒரு வேலையும் செய்யாது. அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவர் அதைப் பார்ப்பார், அது அவரைப் பார்க்கும். மருந்து சாப்பிட்டீங்களா, குளிரில் ஏன் நிற்கிறீங்க, போனை ஏன் எடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காது. அந்த வீட்டில் அவருக்குப் புத்தி சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

"மேனேஜரை ஆபீஸ்ல கொண்டு போய் வச்சா உருப்படுமா?" என்று மட்டும் முனகினார்.

இரண்டு ஃபில்டரும் ஓடத் தொடங்கின. மாப்பிள்ளையுடையது பூனை மாதிரி உறுமியது. மோட்டார்காரருடையது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி சத்தம் போட்டது. இரண்டு பக்கத்துத் தண்ணீரும் நடுவில் மோதியதில் மேனேஜர் துவைக்கப் போட்ட துணி மாதிரி சுற்றியது.

"புது மோட்டார். பழகணும்" என்றார் மோட்டார்காரர்.

திங்கட்கிழமையும் அது பழகவில்லை. மாப்பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரோடு பேசத் தொடங்கியதும், மோட்டார்காரர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன விசிறியைத் துடைத்து, அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம். கை அதுவாகவே விட்டுவிட்டது.

சத்தம் குறையவில்லை. அரைமணி நேரத்தில் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்தது. மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"அப்பா! மீன் தொட்டியில எண்ணெய் விட்டீங்களா?"

"தொட்டியில எவன் விட்டான்? மோட்டார்லதான் விட்டேன்."

பாதித் தண்ணீரை இறைத்து மாற்ற ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.  மகள் வாளியை வைக்கிற விதத்திலேயே பேசினாள்.

செவ்வாய்க்கிழமை, சத்தம் கண்ணாடியில் மோதுவதால்தான் வருகிறது என்று கண்டுபிடித்தார். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் திண்டு வைத்தார். ஃபில்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததில், தொட்டிக்குள் ஊற்றவேண்டிய தண்ணீரில் கொஞ்சத்தைச் சுவரோரமாக வெளியே ஊற்றியது. யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளைதான் தண்ணீர் குடிக்க அறையை விட்டு வந்து, குதிகாலை ஊன்றி, ஹாலின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

"அடி ஒண்ணும் படலையே மாப்பிள்ளை?"

"இல்லை மாமா" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. நல்ல மனுஷர். ஈரத்தில் கிடந்த பிளக் பலகையை எடுத்துத் துடைத்து, தொட்டி வைத்த அலமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். ரப்பர் திண்டை மோட்டார்காரரே உருவி எறிந்தார்.

புதன்கிழமை சத்தம் இன்னும் கூடிவிட்டது. எண்ணெய் துடைத்தபோது விசிறியில் ஒரு பொடி மணல் போயிருக்கவேண்டும்.

மகளின் முகத்தைக் காலையில் பார்த்ததிலிருந்து மோட்டார்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகமாகவே இருந்தது. முக்காலியில் ஏறி நின்று யோசித்தார். தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதால்தானே சத்தம்? தொட்டியை ஃபில்டரின் உதடு வரைக்கும் நிரப்பிவிட்டால் விழுவதற்கு இடமே இருக்காது. குவளை குவளையாக ஊற்ற ஆரம்பித்தார்.

வீடு கூட்ட வருகிற அம்மாள் அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்.

அறைக் கதவு திறந்தது. காதில் மாட்டிய கருவியோடு மாப்பிள்ளை தலையை நீட்டினார். "யாராவது அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்! பெரிய ஆபீசர் பேசிட்டிருக்கார்!"

கதவு மூடிக்கொண்டது.

மோட்டார்காரர் இன்னும் இரண்டு குவளை ஊற்றினார். தண்ணீர் உதட்டைத் தொட்டது. அந்த நொடியில் சத்தம் கத்தரித்த மாதிரி நின்றது.

அவரே ஒரு கணம் நம்பவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் தலையில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

"நின்னுடுச்சா ஐயா?"

"நிக்காம? கை வச்சது யாரு!"

"அப்ப சரி" என்று அவர் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

அதிலிருந்து மோட்டார்காரரின் நடையே மாறிவிட்டது. மறுநாள் காலை ஃபில்டரைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை. மாப்பிள்ளையுடையதைத் தொட்டார், வெதுவெதுப்பாக இருந்தது.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை? சூடாகிற மோட்டார் சீக்கிரம் படுத்துடும். என்னது தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு."

பழைய பெட்டியிலிருந்து நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார். முனையைத் தன் ஃபில்டரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மோட்டாருக்குள் நோவு இருந்தால் அப்படி வைத்துக் கேட்டுச் சொல்லிவிடுவார். அந்தக் காலத்தில் அதற்காகவே ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். எங்கோ தூரத்தில் தேனீ பறப்பது மாதிரி ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டது.

"அடடா" என்றார். "என்ன ஓட்டம்! என் வாழ்நாள்ல இவ்வளவு நைஸா ஓடுற மோட்டாரை நான் கேட்டதில்லை."

மாப்பிள்ளையும் காதை வைத்துப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. மத்தியானம் முழுக்க போனில் அந்த ரெண்டாயிரத்து நூறு பேர் எழுதியதையும் மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேனேஜரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளையின் ஃபில்டர் பக்கம் அது எட்டியே பார்க்கவில்லை. மோட்டார்காரரின் ஃபில்டருக்கு நேர் கீழே போய், துடுப்பைக் கூட ஆட்டாமல், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் மாதிரி நின்றது. வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் அதே இடம்தான்.

"மீனுக்குப் படிக்கத் தெரியாது பாருங்க. அதான் சரியானதைக் கண்டுபிடிச்சிடுச்சு" என்றார் மோட்டார்காரர்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் தொட்டியைச் சுற்றி வந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. குனிந்து மீனைப் பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள்.

"அப்பாவோடதுதான்" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து வந்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, தன் ஃபில்டரின் வயரைத் தொட்டுத் தொட்டுப் போய் பிளக்கை உருவினார். ஃபில்டரைத் தூக்கி, வடித்து, துடைத்து, வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து மூடினார்.

ஹால் நிசப்தமாகிவிட்டது. மோட்டார்காரர் விரலை உயர்த்தினார்.

"கேளுங்க. ஏதாவது கேக்குதா?"

சுவர்க் கடிகாரம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயை மூடியது கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலைப்பா" என்றாள் மகள், நிஜமாகவே அசந்துபோய்.

"அதுக்குப் பேர்தான் மோட்டார்."

மாப்பிள்ளை போனை எடுத்தார். "மாமா, ஒத்துக்கறேன். உங்க ஃபில்டருக்கு நானே அஞ்சு ஸ்டார் போடறேன். என்ன எழுதணும்னு சொல்லுங்க."

"எனக்கு இந்த ஸ்டார்ல எல்லாம் நம்பிக்கை கிடையாது" என்றார் மோட்டார்காரர். நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "எழுதுங்க. சத்தம் கொஞ்சம் கூட கிடையாது. எத்தனை நாள் ஆனாலும் சூடாகாது. மீனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எழுதினீங்களா? சொல்றவன் முப்பத்தெட்டு வருஷம் மோட்டார் பிரிச்ச ஆளு, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். இதையும் போடுங்க."

மாப்பிள்ளை எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்.

கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தார் வீடு கூட்டுகிற அம்மாள்.

"ஐயா, நாளையிலருந்து நாலு நாள் நான் வரமாட்டேன். சத்தம் போடுதுன்னு புதன்கிழமை ஒரு பிளக்கைப் பிடுங்கி வச்சேனே, அதைத் திருப்பி மாட்டிட்டுப் போகட்டுமா?"

 மேனேஜர் மட்டும் வாயைத் திறந்து மூடியது.

மகள்தான் முதலில் சிரித்தாள். நின்று சிரிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "தொட்டி எங்கயும் போகாது, இங்கயே இருக்கட்டும்" என்று நடுவில் எப்படியோ சொல்லி முடித்தாள். மாப்பிள்ளை அட்டைப் பெட்டியைத் திறந்து தன் ஃபில்டரைப் பழைய இடத்தில் மாட்டி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டார். மேனேஜர் திடுக்கிட்டு, மோட்டார்காரரின் ஃபில்டருக்குக் கீழே ஓடிப்போய் நின்றுகொண்டது.

"மாமா" என்றார் மாப்பிள்ளை மெதுவாக, "எழுதினதை அழிச்சிடட்டுமா?"

மோட்டார்காரர் எழுந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"எதுக்கு அழிக்கணும்? சத்தம் கிடையாதுன்னேன். சூடாகாதுன்னேன். மீனுக்குப் பிடிச்சிருக்குன்னேன். இதுல எது பொய்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பால்கனிப் பக்கம் நடந்தார்.