இரண்டு இறக்கைச் சட்டம்

துத்திக்காட்டைக் கும்பிடுபூச்சி ஒருவர் ஆண்டுவந்தார். பிறந்தது முதலே கூப்பிய கை என்பதால் தேர்தலில் அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. கை பிரியும்போதெல்லாம் எதிரே நின்ற குடிமக்களில் ஒருவர் குறைவார். அதைத் தின்பது என்று சொல்வது குற்றம். அரசாணைப்படி அது ‘அரவணைப்பு’.

அங்கே அரும்பாயி என்றொரு பூ ஈ இருந்தாள். உடம்பில் மஞ்சள் வரி இருந்ததால் எல்லோரும் அவளைத் தேனீ என்றே நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை.

ஒருநாள் வகைப்பாட்டு அமைச்சர் பொன்வண்டு புதுச் சட்டம் வாசித்தார். இனி இரண்டு இறக்கை உள்ளவர்கள் மட்டுமே அரவணைக்கப்படுவார்கள். நான்கு இறக்கையினர் நிம்மதியாக இருக்கலாம். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் விழா எடுத்தார்கள். ஈ என்பதால் இரண்டே இறக்கை கொண்ட அரும்பாயியும், அதை மறைத்தபடியே போய்க் கைதட்டிவிட்டு வந்தாள்.

ஈயும் கொசுவும் தீர்ந்ததும் மன்னருக்கு மறுபடி பசித்தது. வண்ணத்துப்பூச்சியின் பின்னிறக்கை வெறும் அலங்காரமே என்று அமைச்சர் கண்டுபிடித்தார். அவர்களும் தீர்ந்தார்கள். பிறகு தேனீயின் முறை. முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கொக்கி மாட்டி ஒன்றாய் அசைவதால், சட்டத்தின் கண்ணில் அவை இரண்டுதானாம்.

தேனீக்களைச் சபையில் வரிசையாக நிறுத்தினார்கள். வரியைப் பார்த்து அரும்பாயியை முதல் ஆளாகத் தள்ளிவிட்டார்கள். எப்படியும் போகிற உயிர், கேட்டுவிட்டே போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“எனக்கு ஒரு சந்தேகம்ங்க” என்றாள்.

“சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை” என்றார் அமைச்சர்.

“கேட்கட்டும். நம்முடையது மக்களாட்சி அல்லவா?” என்றார் மன்னர்.

“அமைச்சரய்யா முதுகுல பளபளன்னு ரெண்டு ஓடு இருக்கே, அது பறக்குறதுக்கா, மூடிக்கிறதுக்கா?”

அமைச்சர் நெஞ்சை நிமிர்த்தினார். “இவை மாட்சிமை பொருந்திய கவசங்கள். பறப்பதற்கென்றே உள்ளே தனியாக இரண்டு...” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மன்னர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். கூப்பிய கை பிரிந்தது.

நல்ல கொழுத்த அமைச்சர். மன்னர் ஏப்பம் விட்டுக்கொண்டே உறங்கப் போனார். அரும்பாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் எழுந்திருப்பதற்குள் எல்லோரும் அடுத்த காட்டுக்குப் போய்விடலாம் என்று தேனீக்களைக் கூப்பிட்டாள். ஒருவரும் அசையவில்லை. வகைப்பாட்டு அமைச்சர் பதவி காலி என்று வாசலில் முரசறைந்துகொண்டிருந்தார்கள்.

அவள் தன் இரண்டே இறக்கையோடு வேலி தாண்டிப் பறந்தாள். பின்னால், அந்தப் பதவிக்கான வரிசையில் யார் முதலில் நிற்பது என்று தேனீக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.